டிகிரி இல்லாத நெட்வொர்க் டெக்னீஷியன் மாஸ்டர்ஸ் படிக்கலாம்: ஏபெல், ஈபிஎஃப், வரிக்கழிவு பற்றி ஒரு விளக்கம்

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நெட்வொர்க் பார்த்துக்கொள்ளும் நம் பிள்ளைகளில் பலர் டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தியவர்கள். வீட்டுச் சூழல், தம்பி தங்கையின் படிப்பு, அப்பாவின் உடல்நிலை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். வேலைக்கு வந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஸ்விட்ச், ரவுட்டர், ஃபயர்வால் எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மேனேஜர் பதவி காலியானால் விண்ணப்பத்தில் 'டிகிரி' என்ற கட்டம் வந்து மறிக்கும். "மாஸ்டர்ஸ் பண்ணலாமே தம்பி" என்றால், "டிகிரியே இல்லண்ணே, மாஸ்டர்ஸுக்கு எங்க போறது" என்பார்கள்.

போக வழி இருக்கிறது. குறுக்கு வழி கிடையாது. அரசாங்கமே வகுத்து வைத்திருக்கும் முறை. நம்மவர்களில் எத்தனையோ பேர் இதைக் கேள்விப்படாமலே நாற்பதைத் தாண்டிவிடுகிறார்கள் என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏபெல் என்றால் என்ன

மலேசியாவில் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு எம்கியூஏ. படிப்புகளை எட்டு நிலைகளாகப் பிரித்திருக்கிறது: டிப்ளோமா நான்காம் நிலை, இளங்கலை ஆறு, மாஸ்டர்ஸ் ஏழு, பிஎச்டி எட்டு. ஒருவர் வேலையிலும் வாழ்க்கையிலும் கற்றதை மதிப்பிட்டு, முறையான தகுதி இல்லாவிட்டாலும் மேல்நிலைக்குள் நுழைய அனுமதிக்கும் ஏற்பாட்டின் பெயர்தான் ஏபெல். நுழைவுக்கானது ஏபெல்-ஏ. அதில் மாஸ்டர்ஸுக்குரியது டி7.

டி7-க்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் உங்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். கையில் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது டிப்ளோமா அல்லது அதற்கு இணையான தகுதி வேண்டும். படிக்கப்போகும் துறையில் வேலை அனுபவமும் வேண்டும். திறனறித் தேர்வு, போர்ட்ஃபோலியோ (அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்த கோப்பு), தேவைப்பட்டால் நேர்முகம் என்று மதிப்பீடு நடக்கும். எம்கியூஏ அங்கீகரித்த மதிப்பீட்டு மையங்கள் இதை நடத்துகின்றன. பல்கலைக்கழகங்களே மையமாக இயங்குவதும் உண்டு. தேறினால் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழைக் காட்டி இடம் கேட்கலாம். ஆனால் இடம் தருவதா இல்லையா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. ஆகவே மதிப்பீட்டுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே, சேர நினைக்கும் ஃபேகல்டிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "டி7 சான்றிதழோடு வந்தால் இந்தப் படிப்பில் சேர்ப்பீர்களா" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கணினித் துறையில் டிகிரி வைத்திருப்பவர்களுக்கு ஏபெல்-ஏ தேவையே இல்லை. சிஜிபிஏ (மொத்த சராசரி மதிப்புப் புள்ளி) 2.50 இருந்தால் நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் குறைவாக இருந்தாலும் வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுக்கும் வழி உண்டு, ஃபேகல்டியில் கேளுங்கள்.

போர்ட்ஃபோலியோதான் உயிர்நாடி

நெட்வொர்க் வேலைக்காரர்கள் தடுமாறும் இடம் இது. வேலையைச் செய்யத் தெரியும், எழுதத் தெரியாது. "12 ஆண்டுகள் நெட்வொர்க் டெக்னீஷியனாகப் பணிபுரிந்தேன், ஸ்விட்ச் பொருத்தினேன், கேபிள் இழுத்தேன்" என்று எழுதினால் மதிப்பிடுபவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இருக்காது. அவர் தேடுவது, செய்ததிலிருந்து நீங்கள் என்ன கற்றீர்கள், அது மாஸ்டர்ஸ் அளவுக்கு யோசிக்கும் திறனைக் காட்டுகிறதா என்பதைத்தான்.

ஓர் உதாரணம். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டில் மட்டும் உற்பத்தி இயந்திரங்களின் இணைப்பு விட்டு விட்டு அறுந்தது என்று வையுங்கள். நீங்கள் போய்ப் பார்த்தீர்கள். யாரோ ஒரு சின்ன ஸ்விட்சை இரண்டு போர்ட்டிலும் சுவரில் செருகியதில் லூப் (தரவு சுற்றிச் சுற்றி வரும் வளையம்) உண்டாகி, பிராட்காஸ்ட் வெள்ளம் முழு நெட்வொர்க்கையும் திணறடித்திருந்தது. நீங்கள் அந்த ஸ்விட்சைக் கழற்றியதோடு நிற்கவில்லை. லூப்பைத் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ அமைப்பைச் சரிசெய்து, இயந்திரங்களைத் தனி விலேனுக்கு (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்குக்கு) மாற்றி, இனி யார் செருகினாலும் அந்தப் போர்ட் தானே மூடிக்கொள்ளும்படி செய்தீர்கள். இதை எழுதும்போது பிரச்சினை என்ன, எந்தக் காரணங்களைச் சந்தேகித்து ஒவ்வொன்றாக எப்படி ஒதுக்கினீர்கள், வேறு என்ன தீர்வுகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தீர்கள், பிறகு என்ன மாறியது என்ற வரிசையில் எழுதுங்கள். முன்பும் பின்புமான வரைபடங்கள் இரண்டைச் சேருங்கள். இப்படி நான்கைந்து நிகழ்வுகள் இருந்தால், பன்னிரண்டு ஆண்டு வேலைப்பட்டியல் சொல்லாததை அவை சொல்லிவிடும்.

ஆதாரம் முக்கியம். வேலையிடத்துக் கடிதம் பதவியையும் ஆண்டையும் மட்டும் சொல்லாமல் செய்த பணிகளையும் சொல்லட்டும். சிசிஎன்ஏ போன்ற சிஸ்கோ சான்றிதழ்கள் மூன்று ஆண்டில் காலாவதியாகும். காலாவதியானாலும் படித்ததற்குச் சாட்சியாகக் கோப்பில் சேருங்கள். பயிற்சிக்குப் போன ரசீது, நீங்கள் எழுதிய வேலை நடைமுறைக் குறிப்புகள், புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்கான அத்தாட்சி, எல்லாம் உதவும். ஒன்றில் மட்டும் கவனம்: கம்பெனியின் உண்மையான ஐபி முகவரிகளும், கடவுச்சொல் இருக்கும் கான்ஃபிக் கோப்புகளும் ஒருபோதும் போர்ட்ஃபோலியோவுக்குள் போகக்கூடாது. மறைத்தோ மாற்றியோ கொடுங்கள், மேலாளரிடம் அனுமதியும் வாங்குங்கள். பாதுகாப்பைப் படிக்கப்போகிறவர் அதில் கோட்டைவிட்டால், மதிப்பிடுபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஏபெல்-சி என்று இன்னொன்றும் உண்டு. படிப்பில் சேர்ந்தபின், ஏற்கெனவே அனுபவத்தால் தெரிந்த பாடங்களுக்கு கிரெடிட் பெறும் வழி அது. எம்கியூஏ வழிகாட்டி மொத்த கிரெடிட்டில் 30 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. வகுப்பு முறை மாஸ்டர்ஸுக்குக் குறைந்தது 40 கிரெடிட் என்பதால், அதில் 12 வரை. கட்டணமும் நேரமும் மிச்சம். ஆனாலும் ரவுட்டிங் பாடம் எனக்குத் தெரியும் என்று தள்ளிவிடுவதற்கு முன் பாடத்திட்டத்தை ஒருமுறை பாருங்கள். வேலையில் நாம் கட்டளையைக் கற்றிருப்போம். அங்கே அல்கோரிதத்தையும் அதன் கணக்கையும் கற்பிப்பார்கள். பின்னால் ஆய்வேடு எழுத அந்த அடிப்படை வேண்டியிருக்கும்.

எந்தப் படிப்பு, எப்படிச் சரிபார்ப்பது

பினாங்கில் குளுகோர் பக்கம் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) இருக்கிறது. இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6 ஆய்வுக்கென்றே ஒரு தேசிய மையம் அங்கே இயங்கியது. அதை உருவாக்கி நடத்தியவர் பேராசிரியர் சுரேஸ்வரன் ராமதாஸ். நம்மவர் ஒருவர் இந்தத் துறையில் அந்த இடத்துக்குப் போயிருக்கிறார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஜார்ஜ் டவுன் ஜாலான் சுல்தான் அகமது ஷாவில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்காக 2006-இல் வந்தது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகமும் யுடிஎம் (மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளாகமும் உண்டு. 'நெட்வொர்க்' என்ற சொல் படிப்பின் பெயரில் இல்லாமலும் போகலாம். கணினி அறிவியல், சைபர் பாதுகாப்பு என்ற பெயர்களுக்குள் நெட்வொர்க் பாடங்கள் இருக்கும். பெயரைப் பார்க்காமல் பாடப்பட்டியலைப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எம்கியூஏ பதிவேட்டில் அந்தப் படிப்பைத் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். படிப்பின் பதிவு எண்ணில் பிஏ (PA) என்றிருந்தால் தற்காலிக அங்கீகாரம், எஃப்ஏ என்றால் முழு அங்கீகாரம், எஸ்டபிள்யூஏ என்றால் தானே அங்கீகரிக்கும் உரிமை பெற்ற பல்கலைக்கழகத்தின் படிப்பு. தனியார் கல்லூரி விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இன்னொரு எண்ணும் இருக்கும். 'என்' (N) என்ற எழுத்திலோ 'ஆர்' (R) என்ற எழுத்திலோ தொடங்கும். அடுத்து நான்கு இலக்கத் துறைக் குறியீடு, அதற்கடுத்து நிலை. துறைக் குறியீடு 0612 என்றால் தரவுத்தளமும் நெட்வொர்க்கும். நிலை இருக்கும் இடத்தில் 7 இருக்க வேண்டும். இல்லையென்றால் அது மாஸ்டர்ஸே கிடையாது, ஆலோசகர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி. பின்னாளில் அரசாங்க வேலைக்குப் போகும் எண்ணமிருந்தால், ஏபெல் வழி நுழைந்து பெறும் பட்டத்தைப் பற்றி பொதுச்சேவைத் துறையான ஜேபிஏவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பணம் எங்கிருந்து

ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்பிலிருந்து கல்விக்குப் பணமெடுப்பதை நம்மவர்கள் பிள்ளைகளுக்குத்தான் என்று நினைக்கிறார்கள். உங்கள் சொந்தப் படிப்புக்கும் எடுக்கலாம். டிப்ளோமாவும் அதற்கு மேலும், முழுநேரமோ பகுதிநேரமோ தொலைக்கல்வியோ, அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாக இருந்தால் போதும். 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது: மாதாமாதம் வருவதில் 75 விழுக்காடு பெர்சாராஆன், 15 விழுக்காடு செஜாத்ரா, 10 விழுக்காடு ஃபிளெக்சிபெல். கல்விக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. கட்டணம் எவ்வளவோ, கணக்கில் இருப்பு எவ்வளவோ, இரண்டில் குறைந்ததுதான் கிடைக்கும். முழு உபகாரச் சம்பளத்தில் படிப்பவர்களுக்கு இது கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 4,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் 960 வெள்ளி. அதில் செஜாத்ராவுக்குப் போவது 144. ஆண்டுக்கு 1,728 வெள்ளி. மெதுவாக நிறையும் கணக்கு அது. வீடு வாங்கும்போதும் கைவைப்பது அதே கணக்கில்தான். வீட்டு முன்பணத்துக்கு நம்பியிருப்பவர்கள் முழுவதையும் படிப்புக்குக் காலிசெய்ய வேண்டாம் என்பேன். முதல் செமஸ்டருக்குக் கைப்பணமும் அடுத்ததற்கு ஈபிஎஃப்பும் என்று பிரித்துக்கொள்ளலாம். முதல்முறைக்குச் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். அடுத்தடுத்த முறைகளுக்குத் தேர்வு முடிவுச் சீட்டும் கேட்பார்கள். ஈபிஎஃப்பின் இணையச் சேவையான ஐ-அக்கவுனில் விண்ணப்பிக்கலாம்.

உயர்கல்வி அமைச்சின் மைபிரேன் போன்ற உதவித்தொகைகள் போட்டியில் கிடைப்பவை, விண்ணப்பித்தால் வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. பழைய மைபிரேன்15 பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவலை நம்பி உட்கார்ந்திருக்காமல் அமைச்சின் பக்கத்தில் நேராகப் பாருங்கள்.

வரிக்கழிவு மட்டும் நிச்சயம். சொந்தக் கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மாஸ்டர்ஸ், பிஎச்டி என்றால் எந்தத் துறையாக இருந்தாலும் பொருந்தும். மலேசியாவில் அரசு அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். 7,000 என்பது திரும்பி வரும் தொகை என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். வரி விதிக்கும் வருமானத்திலிருந்து கழியும் தொகை அது. எல்லாக் கழிவும் போக உங்கள் வருமானம் 60,000 என்றால் அந்தப் படியில் வரி 11 விழுக்காடு. மிச்சமாவது 770 வெள்ளி. மேலே சொன்ன 4,000 வெள்ளி சம்பளக்காரருக்கு, தனிநபர் கழிவு 9,000, ஈபிஎஃப் 4,000, சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா) எல்லாம் போனபின் வரியே ஏறக்குறைய 190 வெள்ளிதான், அது பூச்சியமாகிவிடும். மாதாமாதம் சம்பளத்திலிருந்தே வரி கழிக்கும் பிசிபியில் பிடித்திருந்தால் அந்தப் பணம் திரும்பும்.

கழிவு ஆண்டுக்கு ஆண்டு கணக்கிடப்படுவதால், 14,000 வெள்ளியை ஒரே ஆண்டில் கட்டினால் பாதிக்குக் கழிவு கிடைக்காது. செமஸ்டர் வாரியாக இரண்டு ஆண்டுகளில் கட்டினால் இரண்டு முறையும் 7,000 கோரலாம். கம்பெனி கட்டிய பங்கை நீங்கள் கோர முடியாது; மனைவியின் மாஸ்டர்ஸ் கட்டணத்தையும் இந்தத் தலைப்பில் போட முடியாது, அவர் தன் பாரத்தில் போட்டுக்கொள்ளட்டும். சம்பளக்காரர்களுக்கு பிஇ என்ற வருமான வரி பாரம். கடைசி நாள் ஏப்ரல் 30, இ-ஃபைலிங்கில் மே 15. ரசீது எதையும் அப்போது அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் வருமான வரி வாரியமான எல்எச்டிஎன் பின்னர் கேட்கலாம். ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்கட்டும், ஏழு ஆண்டு பத்திரமாக வைத்திருங்கள்.