வலைப்பதிவு: கடலில் எறிந்த கட்டை

கரும்பலகையில் 'ப்ளாக்' என்று எழுதிவிட்டு, "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து பதில் உடனே வந்தது: "வலைப்பூ, ஐயா." பள்ளியில் எப்போதோ படித்த நினைவு. "சரி, பூ எங்கிருந்து வந்துச்சு?" என்றேன். மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். அசைன்மென்ட் தாள்களுக்கு மார்க் போட்டதும் அவை கட்டுக் கட்டாக பீரோ மேல் ஏறிவிடும். அப்புறம் பல்லிதான் படிக்கும். எழுதியவரையும் என்னையும் தவிர மூன்றாம் ஆள் பார்க்காத எழுத்து அது. அதனால் ஒரு பருவம் முழுக்க இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளை ப்ளாக், அதாவது தேதி போட்டு இணையத்தில் வரிசையாக எழுதிவைக்கும் பக்கம், எழுதவைத்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். இறங்கிய முதல் நாளே இந்தச் சொல் வழியை மறித்தது.

ப்ளாக் என்பது 'வெப்லாக்' என்பதன் வால்துண்டு. வெப் என்றால் வலை. அதில் சிக்கல் இல்லை. லாக் என்றால் மரக்கட்டை. நிஜமாகவே கட்டைதான்.

பழைய பாய்மரக் கப்பலில் வேகத்தை அளக்கக் கருவி கிடையாது. ஒரு கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்பக்கத்திலிருந்து கடலில் எறிவார்கள். கட்டை தண்ணீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு உருவிக்கொண்டு ஓடும். கயிற்றில் ஏறத்தாழ 47 அடிக்கு ஒரு முடிச்சு. அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் மணற்குடுவை காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியது என்று எண்ணினால் அதுதான் வேகம். இன்றைக்கும் கப்பல் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்வது இந்த முடிச்சிலிருந்து வந்ததுதான்; ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

எண்ணியதை நாள், நேரம், காற்றின் திசையோடு ஒரு நோட்டில் குறிப்பார்கள். கட்டையின் கணக்கு எழுதும் நோட்டு என்பதால் அது 'லாக் புக்' ஆயிற்று. போகப்போகக் கட்டை மறைந்து, தேதி போட்டு வரிசையாக எழுதும் எந்தக் குறிப்புக்கும் லாக் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் தினம் பத்துத் தடவை சொல்லும் 'லாகின்'னிலும் இருப்பது அதே கட்டைதான். பதிவேட்டில் பெயரை எழுதிவிட்டு உள்ளே போவது என்று பொருள். தமிழ் விக்கிப்பீடியாவில் இதைப் 'புகுபதிகை' என்பார்கள், வெளியே வருவதை 'விடுபதிகை' என்பார்கள். முதல் தடவை கேட்டால் கரடுமுரடாக இருக்கும். ஆனால் பொருளைச் சரியாகப் பிடித்த சொல் அது.

1997 டிசம்பரில் ஜோர்ன் பார்ஜர் என்ற அமெரிக்கர், தான் இணையத்தில் அன்றாடம் படித்தவற்றின் சுட்டிகளை (லிங்க்) குறித்துவைத்த தன் பக்கத்தை 'வெப்லாக்' என்றார். 1999-இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் விளையாட்டாக அந்தச் சொல்லை வேறு இடத்தில் வெட்டி 'வீ ப்ளாக்' என்று எழுதினார். ஆங்கிலத்தில் 'வீ' என்றால் நாங்கள். 'வீ' உதிர்ந்து 'ப்ளாக்' நின்றது. வாந்தி எடுக்கும் ஓசைபோல இருப்பதால் அந்தச் சொல் தனக்குப் பிடித்திருக்கிறது என்று சொன்னவரும் அவரேதான்! அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற நிறுவனம் 'ப்ளாகர்' என்ற கருவியை வெளியிட, நிரல் எழுதத் தெரியாதவரும் எழுத வழி பிறந்தது. 2003-இல் கூகுள் அதை வாங்கியது. அதே வேலைக்கான இன்னொரு கருவி வேர்ட்பிரஸ் வந்ததும் 2003-இல்தான்.

தமிழில் வலைப்பூ, வலைப்பதிவு என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே புழங்குகின்றன. வலைப்பூவுக்கு அழகு உண்டு. 'ப்ளா' என்ற ஓசையைப் 'பூ' வாங்கிக்கொண்டதுபோல என் காதுக்குப் படுகிறது. ஆனால் வகுப்பறையில் அந்தப் பூ என்னைப் படுத்தியெடுத்துவிட்டது. "வலைப்பூவில் எழுதுங்க" என்று சொல்லி அனுப்பிய முதல் வாரம் வந்தவற்றில் பாதி, ரோஜாப் படத்தோடு காலை வணக்கம். மீதி, நட்பைப் பற்றிய கவிதை. அவர்கள்மேல் தப்பில்லை. பூ என்றால் பூவைத்தானே வைப்பார்கள்?

அடுத்த வாரம் சொல்லை மாற்றினேன். "வலைப்பதிவு. பதிவுன்னா என்ன?" என்று கேட்டேன். "பத்திரப் பதிவு, ஐயா" என்றது ஒரு குரல். ராயக்கோட்டை பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், "பதியம் போடறதும் அதானுங்களா ஐயா?" என்றாள். எனக்கே அதுவரை தோன்றாத இணைப்பு. கிளையை வளைத்து மண்ணில் பதித்து வேர்விட வைப்பது பதியம். ஈர மண்ணில் கால் பதியும், மனத்தில் சொல் பதியும், ஏட்டில் கணக்குப் பதியும். 'பதி' என்ற வினையில் அழுத்தமும் இருக்கிறது, தங்கிவிடும் தன்மையும் இருக்கிறது. கப்பல் நோட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. பதிகிறவர் பதிவர், பதிந்தது பதிவு. 'இடுகை' என்றும் சொல்வதுண்டு. இடுவது இடுகை, அதுவும் சுத்தமான ஆக்கம்தான்.

பதிவு என்று சொல்லிக்கொடுக்க எங்கள் ஊரில் இருப்பவனுக்குப் புத்தகம்கூட வேண்டாம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூர் மண்ணில் எங்கு திரும்பினாலும் நடுகல். தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் கல் முன்னால் நிறுத்தினேன். இந்த வட்டாரத்துப் பழைய நடுகல் எழுத்துகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. 'கோவிசைய' என்று தொடங்கி அரசன் பெயர் வரும், பிறகு 'யாண்டு' என்று அவனுடைய ஆட்சியாண்டு. அதன் பின்னர்தான் எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறுவை மீட்கப் போய்ப் பட்டான் என்ற சேதி. தொறு என்றால் மாட்டுமந்தை, பட்டான் என்றால் சண்டையில் இறந்தான். முதலில் தேதி, பிறகு இடம், பிறகு ஆள், கடைசியில் நடந்தது. புகழ்மாலை கிடையாது. 'பட்டான் கல்' என்பதோடு முடிந்துபோகும்.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லைப் பற்றிச் சொன்னபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதும் கல்லிலேயே எழுதியிருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. போன வருடம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட குறிப்பைத் தேடினால் கிடைப்பதில்லை.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நாளைக்கு வகுப்பு உண்டா, பென்னாகரம் பஸ் வந்துவிட்டதா என்பதற்கு அதை விட்டால் வேறு கதியில்லை. ஆனால் அது ஓடும் தண்ணீர். பதிவுக்கோ தனி முகவரி உண்டு. ஒவ்வொரு இடுகைக்கும் மாறாத சுட்டி இருப்பதால், ஒருத்தி செப்டம்பரில் எழுதியதை இன்னொருவன் மார்ச்சில் சுட்டிக்காட்டி மறுத்து எழுத முடியும். பாடம் நடத்துகிறவனுக்கு வேண்டியது அதுதான்.

கூடவே வரும் சில சொற்கள். 'சமூக ஊடகம்' நல்ல சொல். ஊடு என்றால் இடை. இடையில் நின்று கொண்டுசேர்ப்பது ஊடகம். 'பின்னூட்டம்' எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 'ஃபீட்பேக்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்துப்போட்டதால், யாரோ முதுகுக்குப் பின்னாலிருந்து சோறு ஊட்டுவதுபோல இருக்கிறது. 'மறுமொழி' கையருகிலேயே இருக்கும்போது அது எதற்கு? 'மட்டுறுத்தல்' என்பதைத்தான் மெச்ச வேண்டும். மட்டு என்றால் அளவு. வந்த மறுமொழியை நிறுத்திவைத்துப் பார்த்து, அளவுக்குள் இருப்பதை மட்டும் விடுவது. முதல் நாளே அந்த வசதியைப் போட்டுவைத்தேன். தேவையும் வந்தது. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் தனியாக வந்து, "எங்க பேரு வேணாங்க ஐயா, வீட்ல யாராச்சும் பாத்தா வம்பு" என்றார்கள். புனைபெயர் வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒருத்தி வைத்துக்கொண்ட பெயர் கோவிவன்.

ஃபேஸ்புக்கை 'முகநூல்' என்பதைப் பற்றிக் கேட்டார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவர்களின் படத்தையும் பெயரையும் அச்சிட்டுக் கொடுக்கும் கையேட்டுக்குத்தான் 'ஃபேஸ் புக்' என்று பெயர். ஹார்வர்டில் ஒரு மாணவர் 2004 பிப்ரவரி 4 அன்று தொடங்கிய தளம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் முகநூல் பிசகில்லை. ஆனால் அது கடைப் பெயர். கடைப் பெயரை மாற்ற நமக்கு வேலையில்லை என்பது என் கட்சி. பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன்.

தட்டச்சு பெரிய தடையாக இருக்கவில்லை. போனில் பேசினால் எழுத்தாகிவிடுகிறது. அதிலும் ஒரு கண்டம் இருந்தது. புளியைப் பற்றி எழுதிய பையனின் பதிவில் 'அப்பா மரத்தில் ஏறிப் புலியை உலுக்கினார், அம்மா கீழே நின்று புலி பொறுக்கினார்' என்று வந்திருந்தது. எத்தனை நாள் சொல்லிக்கொடுத்தும் ஏறாத லகர ளகர வேறுபாடு அந்த ஒரு வரியில் வகுப்பு முழுவதற்கும் ஏறிவிட்டது.

அவனைத் திருத்தி எழுதச் சொன்னேன். மூன்றாம் முறை வந்த பதிவின் தலைப்பு: 'கொட்டைப்புளி. 2024 மார்ச் 14, வியாழன்.' முதல் பத்தியில் ஊர். இரண்டாவதில், காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் அம்மா ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டை எடுத்து மாலைக்குள் எத்தனை கிலோ முடிக்கிறார், கிலோவுக்குக் கூலி என்ன என்ற கணக்கு. மூன்றாவதில், அவர் கட்டைவிரல் நகம் ஏன் எப்போதும் கறுத்திருக்கிறது என்று ஒரே வரி.

அதற்கு வந்த முதல் மறுமொழி கோவிவனுடையது: "எங்க ஊர்ல கூலி இதைவிடக் கம்மி. ஏன்?"