உவரி மணலும் கதிர்காமத்து மலையும்

திருநெல்வேலி மாவட்டத்து உவரிக் கடற்கரையில் அலை பின்வாங்கியதும் மணலைக் குனிந்து பாருங்கள். வெளிர் மணலுக்கு நடுவே கருஞ்சிவப்பாக ஒரு மணல் கோடு கோடாக ஒதுங்கிக் கிடக்கும். ஒரு கை அள்ளினாலே கனம் தெரியும். அதுதான் கார்னெட். சாதாரண மணலைவிட ஒன்றரை மடங்கு எடை. அலை மற்றதை இழுத்துக்கொண்டு போனாலும் இது கரையில் தங்கிவிடும்.

இந்தச் சிவப்பு மணி கடலில் பிறந்ததல்ல, மலையில் பிறந்தது. திருக்குறுங்குடி மலையிலிருந்து இறங்கும் நம்பியாறு மாதிரி ஆறுகள்தான் பாறையை அரித்து இதைக் கொண்டுவந்தன. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரி சூட்டில் பழைய களிமண் படிவுகள் வெந்து கார்னெட் பாறை ஆயின.

அப்போது மன்னார் வளைகுடா கிடையாது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாகச் சேர்ந்துகொண்டிருந்த நேரம். அதனால்தான் கண்டி மலைப்பாதையில் வெட்டிய பாறையிலும் நம் களக்காட்டு மலையில் பார்க்கிற அதே சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றன. பின்னால் கோண்டுவானா பிரிந்தபோது நடுவிலிருந்த நிலம் இழுபட்டு மெலிந்து தாழ்ந்தது. ஆனால் முழுசாக அறுந்து போகவில்லை. கடைசிப் பனியுகத்தில், 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் 120 மீட்டர் இறங்கியிருந்ததால் இங்கிருந்து இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம்.

சரி, பாறை எப்படி நகர்கிறது? கருப்பட்டி காய்ச்சுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு சூடாக இருக்கும்போது இழுத்தால் நீளும். ஆறி இறுகிய கருப்பட்டியோ பட்டென்று உடையும். பூமியிலும் இதே கதைதான். ஆழத்தில் சூடான பாறை இழுபட்டு, நசுங்கி, பட்டை பட்டையாகிறது. அச்சன்கோவிலிலிருந்து செங்கோட்டை, தென்காசி வழியாகத் தென்கிழக்கே ஓடும் அகலமான உராய்வு மண்டலம் அப்படி உண்டானது. மேலே இருக்கும் குளிர்ந்த பாறையோ விரிசல் விடுகிறது.

இலங்கையில் இது இன்னும் அழகாகத் தெரியும். அத்தீவின் அடித்தளத்தில் மூன்று பெரிய துண்டுகள்: மேற்கிலும் வடமேற்கிலும் வன்னி, நடுவில் உயர்நிலம், கிழக்கிலும் தென்கிழக்கிலும் விஜயன். நம் மலைக்கு உறவு நடுத்துண்டுதான். கண்டங்கள் மோதிய நெருக்கத்தில் அது கிழக்குத் துண்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, ஒரு பாயின் ஓரத்தில் இன்னொரு பாயை இழுத்துப் போட்ட மாதிரி. பிறகு கோடிக்கணக்கான வருட மழை மேல்பாயைத் தேய்த்தது. தேயாமல் மிச்சமான ஒரு துண்டு, சுற்றிலும் விஜயன் பாறை சூழ, தென்கிழக்கில் தனியாக நிற்கிறது. அதுதான் கதிர்காமம். நம் ஊர்க்காரர்கள் முருகனைத் தேடிப் போகிற அந்த மலை, தன் கூட்டத்தை விட்டுத் தனித்துப்போன பாறை என்று அறிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளும் பெரும்பாலும் நடுத்துண்டும் கிழக்குத் துண்டும் சந்திக்கிற எல்லையை ஒட்டியே வரிசையாக அமைந்திருக்கின்றன. திருகோணமலைப் பக்கத்துக் கன்னியாவில் ஏழு சிறு கிணறுகள் உண்டு. அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 டிகிரி அளவில் சூடு ஏறும். அப்புறம் வேறொரு விரிசலைப் பிடித்து, ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது.