‘நல்லாத்தான் கீறேன்’: உடம்பின் நிலையை எண்ணாக்குவது எப்படி?

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் ஒரு அக்கா பீடி சுற்றுகிறார். மடியில் முறம், முறத்தில் நறுக்கிய இலை, ஓரமாகத் தூள், பக்கத்தில் நூல்கண்டு. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. “உடம்பு எப்படிக்கா இருக்கு?” என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: “எனக்கு இன்னா தம்பி, நல்லாத்தான் கீறேன்.” அடுத்த மூச்சிலேயே இன்னொன்றும் வரும்: “முன்ன ஆயிரம் சுத்துவேன். இப்ப எழுநூறு தாண்டறதுக்குள்ள இடுப்பு வுட்டுப்போவுது.”

இரண்டுமே உண்மை. சிக்கல், இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதில் இருக்கிறது. அவருடைய ரத்த அழுத்தம் சரி, சர்க்கரை சரி, எக்ஸ்ரேயிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. எத்தனை நாள் லீவு போட்டார் என்று பார்க்கலாம் என்றால், எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கு லீவு ஏது? ஆஸ்பத்திரிக் கணக்கிலும் அவர் நோயாளி இல்லை, ஆபீஸ் கணக்கிலும் இல்லை. ஆனால் ஆயிரத்தில் முந்நூறு எங்கோ போய்விட்டது. அந்த முந்நூறைப் பிடிக்கப் பார்க்கும் அளவைக்குத்தான் ‘உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம்’ என்று பெயர்.

நோய் இல்லாமல் இருப்பது மட்டுமே நலம் ஆகாது; உடல், மனம், சமூக வாழ்க்கை மூன்றும் நன்றாக இருக்க வேண்டும் என்று 1948-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் சொன்னது. அதே 1948-ல் வேலூரில் நடந்த ஒரு காரியம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுவதாக எனக்குத் தோன்றும். சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் பறவையின் கால்நகம்போல மடங்கிப்போன விரல்களை, வேலை செய்யும் தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தினார். அதனால் நோயாளியின் ஆயுள் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கிருமிகூட அந்த அறுவையால் சாகவில்லை. ஆனால் அந்தக் கை மறுபடி சோற்றைப் பிசைந்தது, மண்வெட்டி பிடித்தது. இறப்பு விகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

சரி, இதை எப்படி அளப்பது? கருவி எதுவும் கிடையாது, கேள்விதான் கருவி. உலகத்தில் அதிகம் புழங்குபவற்றில் ஒன்று ‘ஈக்யூ-5டி’ என்ற தாள். 1987-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் கூடி ஆரம்பித்த குழு உருவாக்கியது. ஐந்தே விஷயம்: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி அல்லது அசௌகரியம், கவலை அல்லது மனச்சோர்வு. இப்போதைய வடிவில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. சிரமமே இல்லை என்றால் 1, முடியவே இல்லை அல்லது தாங்கவே முடியவில்லை என்றால் 5. இன்றைக்கு எப்படி என்பதுதான் கேள்வி. நேற்று, போன மாதம் எல்லாம் கிடையாது. ஐந்து விடைகளையும் வரிசையாக எழுதினால் ஐந்து இலக்க எண் ஒன்று கிடைக்கும். 11111 என்றால் குறையே இல்லாதவர். 21232 என்றால் நடையில் லேசான சிரமம், குளிக்க உடுத்தச் சிரமமில்லை, வேலையில் லேசாக, வலி நடுத்தரம், மனக்கவலை லேசாக. இப்படி மொத்தம் 3,125 நிலைகள் உண்டு. கடைசியாக 0 முதல் 100 வரை ஒரு செங்குத்துக் கோடு. இன்றைய உடம்பு எங்கே நிற்கிறது என்று அதில் குறி போட வேண்டும்.

ஒரு நாள் அக்காவிடம் இதைத் தமிழில் சொல்லிச் சொல்லிக் கேட்டேன். நடக்கிறார், 1. குளிக்கிறார், 1. அன்றாட வேலை? “தெனமும் செய்யறேனே!” 1. வலி, “கொஞ்சம்”, 2. கவலை என்றதும் சிரித்தார். “நோய் கவலையா, சீட்டுக் கவலையா?” நோய்க்கவலைதான் என்றேன், அதற்கும் 1. மொத்தத்தில் 11121, கிட்டத்தட்ட முழு ஆரோக்கியம். அப்புறம் கோட்டைக் காட்டினேன். யோசிக்காமல் 60-ல் விரலை வைத்தார்.

இந்த முரண் அக்காவின் தவறில்லை. உழைக்கும் வயதினரிடம் இந்தத் தாளைக் கொண்டுபோனால், நிறைய பேர் உச்சியில், 11111-லேயே குவிந்துவிடுவார்கள். ஆய்வாளர்கள் இதைக் கூரை முட்டுவது என்கிறார்கள். முதலில் மூன்று படிதான் இருந்தது; அதை ஐந்தாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாதம் வந்தவரையும் வராதவரையும் பிரித்துக்காட்ட இந்தத் தாள் அருமையானது. ஆயிரம் சுற்றுபவரையும் எழுநூறு சுற்றுபவரையும் பிரிக்க வேண்டுமென்றால் இன்னும் நுணுக்கமான சல்லடை வேண்டும்.

‘எஸ்எஃப்-36’ அந்த மாதிரிச் சல்லடை. 1992-ல் அமெரிக்காவில் வெளியான 36 கேள்விகள், எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனியாக நூற்றுக்கு மதிப்பெண். அதில் எனக்குப் பிடித்தது ‘உடல்நிலையும் வேலையும்’ பற்றிய நான்கு கேள்விகள். போன நான்கு வாரத்தில் உடம்பு காரணமாக வேலை நேரத்தைக் குறைத்தீர்களா? நினைத்ததைவிடக் குறைவாகத்தான் செய்ய முடிந்ததா? சில வகை வேலைகளை விட்டுவிட்டீர்களா? வேலை செய்யக் கூடுதல் சிரமப்பட்டீர்களா? பாருங்கள், ‘வேலைக்குப் போனீர்களா’ என்று கேட்கவே இல்லை. முந்நூறு பீடி ஒளிந்திருந்த இடம் அந்த இரண்டாவது கேள்வி.

ஆனால் அதே தாளின் இன்னொரு பக்கத்தில், மிதமான உழைப்புக்கு உதாரணமாக மேசையை நகர்த்துவது, வேக்வம் கிளீனர் தள்ளுவது, கோல்ஃப் ஆடுவது என்று இருக்கிறது. பேரணாம்பட்டில் போய் இதைக் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இடுப்பில் தண்ணீர்க் குடம், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே போவது என்று ஊருக்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும். மாற்றிய பிறகும் பழைய அளவே வருகிறதா என்று சோதிக்க வேண்டும். ஒருவர் தமிழாக்குவார்; மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார்; இரண்டையும் ஒப்பிடுவார்கள். இல்லையென்றால், மனம் சோர்ந்திருப்பதை ‘நீலம்’ என்று சொல்லும் ஆங்கில வழக்கு தமிழில் நிறமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சொற்களின் எடையும் தொல்லைதான். ‘பரவாயில்லை’ என்றால் எவ்வளவு? ‘சுமார்’ என்றால் பாதியா, பாதிக்கும் கீழா? உலக சுகாதார நிறுவனம் தன் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளை 15 மையங்களில் ஒரே சமயத்தில் உருவாக்கியது. அதில் சென்னையும் ஒன்று. அவர்கள் செய்தது எளிமையான வேலை. 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்து, ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ போன்ற சொற்கள் அந்தக் கோட்டில் எங்கே விழுகின்றன என்று ஒவ்வொரு மொழிக்காரரையும் குறிக்கச் சொன்னார்கள். சராசரியாகக் கால், அரை, முக்கால் இடங்களில் விழுந்த சொற்களைப் படிகளாக எடுத்துக்கொண்டார்கள். அகராதியைப் பார்த்து மொழிபெயர்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்தத் தாளின் 26 கேள்விச் சுருக்கம், பணம் போதுமா, சுற்றுப்புறம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்றும் கேட்கிறது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வாங்கிய பாலாற்றங்கரைக்கு இந்தக் கேள்வி பொருந்தாமல் எங்கே பொருந்தும்?

இனி வருவதுதான் இந்தத் துறையின் விசித்திரமான பகுதி. 21232 என்பது ஒரு குறியீடு, அவ்வளவே. அது 11111-ஐவிட எவ்வளவு மோசம் என்று அரசுக்குத் தெரிந்தால்தான் ஒரு சிகிச்சைக்குச் செலவழிக்கலாமா என்று கணக்குப் போட முடியும். அதற்குப் பொதுமக்களிடம் ஒரு பேரம் பேசுகிறார்கள். இந்த நிலையிலேயே 10 வருடம் இருக்கிறீர்களா, இல்லை முழு ஆரோக்கியத்தோடு 9 வருடம் போதுமா? 9 என்றால் 8? 7? எந்த இடத்தில் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொல்கிறாரோ அங்கே நிறுத்துவார்கள். 8-ல் நின்றால் அந்த நிலையின் மதிப்பு 0.8. சாவைவிட மோசம் என்று மக்கள் நினைக்கும் நிலைகளுக்கு மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே போகும். மதிப்பை வருடத்தால் பெருக்கினால் ‘தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு’: 0.8 மதிப்பில் 10 வருடம் வாழ்ந்தால் 8. ஐந்து மாநிலங்களில் மக்களிடம் இப்படிக் கேட்டு உருவாக்கிய இந்திய மதிப்புப் பட்டியல் 2022-ல் வெளியானது.

இந்தப் பேரத்திலும் உழைக்கும் வயதினர் மக்கர் பண்ணுவார்கள். “பொண்ணு கல்யாணம் முடியட்டும்” என்று ஒரு வருடத்தைக்கூட விட்டுத்தர மாட்டார்கள். அவர்கள் சொல்வது வலி குறைவு என்பதா, கடமை அதிகம் என்பதா? எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இன்னொன்று: பேரம் பேசுபவர் அந்த நிலையைக் கற்பனை செய்கிறார், அனுபவிப்பதில்லை. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரில் 1966-ல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். நடமாட்டத்தில் அவருக்கு 5 போட வேண்டும். அன்றாட வேலை என்ற கட்டத்தில்? கற்பனை செய்து பார்க்கிறவர் அங்கேயும் 5 போடுவார். அவரையே கேட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன். யாருடைய மதிப்பை எடுத்துக்கொள்வது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை.

யாரைக் கேட்பது என்பதிலும் ஒரு வலை இருக்கிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளின் வாசலில் நின்று கேட்டால் மதிப்பெண் நன்றாகவே வரும். உடம்பு முடியாதவர் கம்பெனி வேன் ஏறியிருக்க மாட்டாரே! வேலையே ஆரோக்கியம் தருவதுபோல ஒரு தோற்றம் கிடைக்கும். அதனால் வீடு வீடாகப் போக வேண்டும். அதுவும் பகல் 11 மணிக்குப் போனால் பாட்டிகள்தான் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை, இல்லையென்றால் பொழுது சாய்ந்த பிறகு.

பீடி சுற்றுபவர்களிடம் அந்தச் சிரமம் இல்லை, எந்நேரமும் வாசலில் இருப்பார்கள். எஸ்எஃப்-36-ன் அந்த நான்கு வேலைக் கேள்விகளுக்கும் அக்கா கை நிற்காமலேதான் பதில் சொன்னார். நேரத்தைக் குறைத்தாரா? “எங்க, கூடத்தான் உக்கார்றேன்.” மற்ற மூன்றுக்கும் ஆமாம். ‘இல்லை’ ஒவ்வொன்றுக்கும் 25 என்று கூட்டிப் பார்த்து, நூற்றுக்கு 25 என்றேன்.

“முப்பத்தஞ்சு எடுத்தாதான தம்பி பாஸு?” என்றபடி அடுத்த இலையை எடுத்தார்.