கண்ணுல விழுந்தது தூசியா, அரப்பொடியா?

பீன்யா தொழிற்பேட்டை பக்கம் லேத் பட்டறையிலயும் கிரைண்டிங்லயும் வேலை பாக்குற நம்மாளுங்க என் பெங்களூர் கிளினிக்குக்கு வந்தா முதல்ல சொல்றது "தூசி விழுந்துடுச்சு டாக்டர்"னு தான். அதுக்குள்ள துணி முனையால தொடச்சு, தாய்ப்பால் விட்டு, பக்கத்து மிஷின்காரர் பேப்பர் முனையால எடுக்கப் பாத்து ரெண்டு நாள் ஓடிடும், நான் பாக்கும்போது கருவிழி மேல இரும்புத் துணுக்கு ஒட்டிட்டு இருக்கும், சுத்தி பழுப்பா துரு வளையம்.

அது தூசி இல்லைங்க. அரப்பொடினு நம்ம அகராதியிலயே அதுக்குப் பேர் இருக்கு, அரம் வெச்சு ராவும்போது கொட்டுற பொடி. பட்டறைல 'ராவுறது'னு சொல்றோமே, அது 'அராவு'ங்கிற பழைய சொல்லு, அரமும் அதே வேர் தான். இங்கிலீஷ்காரங்க லேத் சுருள், டிரில்லிங் சிப்ஸ், கிரைண்டிங் தூள் எல்லாத்தையும் சேத்து ஸ்வார்ஃப்னு சொல்றாங்க, நார்வே பக்கம் அந்தக் காலத்துல பேசுன பழைய நார்ஸ் மொழில அந்த சொல்லுக்கும் அர்த்தம் அரப்பொடி தான், எனக்கு இது ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு.

பேர்ல என்ன இருக்குனு கேக்காதீங்க. தூசின்னா நாங்க கண்ணு மேல தான் தேடுவோம். ஒருத்தர் அப்படித்தான் சொன்னாரு, பார்வையும் ஓரளவு நல்லா இருந்துச்சு, என்ன வேலை பாத்தீங்கனு மூணாவது தடவை கேட்டப்ப தான் "உளிய சுத்தியலால அடிச்சேன்"னாரு, சிடி ஸ்கேன் எடுத்தா துணுக்கு கண்ணுக்கு உள்ளயே இருக்கு! சுத்தியல் வேலைல தெறிக்கிறது அவ்ளோ வேகம், வலி கம்மியா இருக்கும், ஆனா உள்ள தங்குன இரும்பு கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு விழித்திரையக் கெடுத்துடும்.

அதனால வந்ததும் என்ன வேலை, என்ன உலோகம்னு சொல்லுங்க. கசக்காதீங்க, காந்தம் வெச்சு எடுக்காதீங்க, அன்னிக்கே வாங்க. ஏர் ஹோஸ் வெச்சு மிஷின ஊதி கிளீன் பண்றத விட்டு பிரஷ் எடுங்க, பவர் கண்ணாடி போட்டிருக்கேன்னு சேஃப்டி கண்ணாடிய விட்டுடாதீங்க, பக்கவாட்டு இடைவெளில தான் நெறய பேருக்கு உள்ள போகுது. எப்பவோ கண்ணுல இரும்பு பட்டிருந்தாலும் எம்ஆர்ஐ எடுக்குறதுக்கு முன்னாடி கண்டிப்பா சொல்லிடுங்க, அந்த மிஷின்ல இருக்குற பெரிய காந்தம் கண்ணுக்குள்ள இருக்குற துணுக்கை நகத்திடும்.