நெர்ஃப்: மழுக்கலா, மழுங்கலா?

வன்னியில், விசுவமடுவில் அக்கா வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் குந்தியிருந்து போனை நோண்டிக்கொண்டிருந்த மருமகன் திடீரென்று கத்தினான்: “மாமா, என்ர ஆளை நெர்ஃப் பண்ணிப்போட்டாங்கள்!”

உள்ளே மரவள்ளிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்த அம்மா பதறிப்போய் எட்டிப் பார்த்தார். “ஐயோ, ஆற்ற நரம்புக்கு என்ன ராசா?”

நரம்புக்கு ஒன்றுமில்லை. நெர்ஃப் என்றால், ஆட்டத்தைச் செய்தவர்களே அதில் வரும் ஓர் ஆளின் பலத்தைக் குறைப்பது. அடி வாங்கியது ஹட்டோரி. புரோல்ஹல்லா என்ற கணினி ஆட்டத்தில் வாளும் ஈட்டியும் ஏந்தி வரும் நிஞ்சா பெண். காசில்லாமல் கிடைக்கும் ஆட்டம். 2020இல் கைப்பேசிக்கும் வந்துவிட்டது. அதனால்தான் எங்கள் பக்கத்துப் பெடியளின் கையிலும் இருக்கிறது. இந்த வகையை மேடைச் சண்டை என்று சொல்லலாம். 1999இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்தான் இதற்கு வழி காட்டியது. மற்றச் சண்டை ஆட்டங்களில் எதிரியின் உயிர்க்கோடு தேய்ந்து முடிந்தால் கதை முடியும். இதில் அப்படியில்லை. அடி விழ விழ ஆள் இன்னும் தூரமாகப் பறப்பான். மேடைக்கு வெளியே போய்த் திரும்பி ஏற முடியாவிட்டால் ஓர் உயிர் போச்சு. எனவே ஓர் ஆளின் பலம் என்பது அவன் எவ்வளவு பலமாக அடிக்கிறான் என்பது மட்டுமல்ல. எவ்வளவு விரைவாக அடிக்கிறான், தவறவிட்டால் எவ்வளவு நேரம் திகைத்து நிற்கிறான், மேடைக்கு வெளியிலிருந்து எப்படித் திரும்பி வருகிறான், எல்லாம் சேர்ந்ததுதான்.

முதல் நாள் இரவு, இரவு டேட்டாவில், அப்டேட் இறங்கியிருக்கிறது. ஈட்டியில் எதையோ குறைத்திருக்கிறார்கள். புரோல்ஹல்லாவில் ஆயுதங்கள் பொதுச் சொத்து. ஓர் ஆளுக்கு இரண்டு ஆயுதம், அதே ஆயுதம் வேறு பலரிடமும் இருக்கும். ஈட்டியில் கை வைத்தால் ஹட்டோரியோடு ஓரியன், ஏடா, குயின் நை என்று ஈட்டிக்காரர் எல்லாருக்கும் சேர்த்துத்தான் அடி. ஒரு வாய்க்காலை மறித்தால் அதில் பாயும் வயல் எல்லாம் காய்வதுபோல.

என்ன மாறியது என்று அவன் செய்து காட்டினான். ஹட்டோரி ஈட்டியால் குத்துகிறாள். குத்து வெறும் காற்றில் போகிறது. கையை இழுத்து மீண்டும் நிமிர ஒரு கணம். அந்தக் கணம் கொஞ்சம் நீண்டிருக்கிறதாம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் திரையில் ஒரு விநாடி 60 படங்களாக ஓடுகிறது. அதில் இரண்டு படம் கூடினால் விநாடியில் முப்பதில் ஒரு பங்கு. அது எதிரிக்கு உள்ளே புகுந்து அடிக்கப் போதும். அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு அதுதான் நடந்தது. போனைத் திண்ணையில் வைத்துவிட்டு, “பாத்தியளே?” என்றான்.

சரி, இந்த நெர்ஃப் எங்கிருந்து வந்தது? ஒரு பொம்மையிலிருந்து. அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1970ஐ ஒட்டி நுரைப்பஞ்சில் செய்த பந்து ஒன்றை விற்றது. வீட்டுக்குள்ளே எறிந்தாலும் விளக்கு உடையாது, ஆளுக்கும் நோகாது. அதன் பெயர் நெர்ஃப். பிறகு அதே பெயரில் பஞ்சு மட்டை, பஞ்சு வாள், பஞ்சுக் குண்டு சுடும் துவக்கு என்று வரிசையாக வந்தன. 1997இல் அல்டிமா ஆன்லைன் என்ற கணினி ஆட்டம் வெளியானது. அதில் வாளின் வலிமையை ஆட்டத்தைச் செய்தவர்கள் குறைத்தபோது, கையில் நெர்ஃப் வாளைத் தந்துவிட்டார்களே என்று ஆடியவர்கள் புலம்பினார்களாம். அந்தப் புலம்பல் நிலைத்து, பெயர் வினையாகிவிட்டது. பஞ்சு மறந்துபோய், செய்தவர்களே வேண்டுமென்று பலம் குறைப்பது என்ற பொருள் மட்டும் மிஞ்சியது.

தமிழில் என்ன சொல்லலாம்? பலவீனப்படுத்தல் சரியான சொல்தான், ஆனால் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது. வலுக்குறைப்பு சுருக்கமானது. ஆனால் மின்சாரத்துக்கே மின்வலு என்று எழுதும் நாட்டில், வலுக்குறைப்பு என்றால் எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்றுதான் கேட்பார்கள்.

சொல் கிடைத்தது அடுப்படியில். அம்மா கத்தியை நீட்டினார்: “உது மொட்டை. கல்லில ஒருக்காத் தீட்டித் தா.” கிணற்றடிக் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியை இழுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. நெர்ஃப் பிறந்ததே கூர் போன வாளின் கதையில்தானே? கூர் போவதற்குத் தமிழில் மழுங்கல். கூரைப் போக்குவதற்கு மழுக்கல்.

இந்த இரட்டைச் சொல்லில்தான் விசயம் இருக்கிறது. அடங்கு, அடக்கு, சுருங்கு, சுருக்கு, மழுங்கு, மழுக்கு. முதலாவது தானே நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்விப்பது. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்ததுதான். (மழு என்றால் கோடரி. மழுங்குவுக்கும் அதற்கும் உறவு உண்டென்று எழுதிவிடக் கை பரபரக்கிறது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக்கூடாது.) நெர்ஃப் என்பது மழுக்கல் மட்டும். ஆனால் பெடியள் எதற்கெடுத்தாலும் நெர்ஃப் என்கிறார்கள். தோற்றால் நெர்ஃப், எதிரி கெட்டிக்காரன் என்றாலும் நெர்ஃப். யாரும் தொடாமலே ஓர் ஆள் இறங்குவது உண்டு. அது மழுங்கல்.

அதற்கு நல்ல சாட்சி, ஸ்மாஷ் தொடரில் 2001இல் வந்த மெலே. இணையத்தில் அப்டேட் இறக்கும் வசதியே இல்லாத காலத்து ஆட்டம். வட்டில் அச்சானது அச்சானதுதான். ஆனாலும் யார் பலசாலி என்ற ஆட்களின் வரிசை இருபது வருடமாக மாறிக்கொண்டே இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் ஷீக் உச்சியில் இருந்தாள். பிறகு அவளுக்கு எதிராக எப்படி ஆடுவது என்று எல்லாரும் படித்துக்கொண்டார்கள், ஃபாக்ஸ் மேலே ஏறினான். அமெரிக்க வட்டில் ஷீக்கின் ஓர் உதையைக்கூட யாரும் குறைக்கவில்லை. அவள் மழுங்கினாள், மழுக்கப்படவில்லை.

மழுக்கியும் மழுங்காத கத்தியும் உண்டு. நிண்டெண்டோவின் வீ யூ கருவிக்கான ஸ்மாஷில் 2016இன் தொடக்கத்தில் பேயோனெட்டா வந்தாள். சில மாதத்திலேயே அவளை மழுக்கினார்கள். ஆனாலும் ஈவோ என்ற பெரிய சண்டை ஆட்டப் போட்டியில், 2018 இறுதிச் சுற்றில் இரண்டு பக்கமும் நின்றது பேயோனெட்டாதான். பார்க்க வந்த சனம் கூச்சலிட்டுக் கேலி செய்தது.

நெர்ஃபுக்கு எதிர்ச்சொல் பஃப். இதன் வேர் எருமை. பிரெஞ்சில் எருமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து எருமைத் தோலுக்குப் பெயராகி, அந்தத் தோலால் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலைக்கும் பெயரானது. முல்லைத்தீவு எருமைத் தயிர் சாப்பிடும் எங்களுக்கு இது அந்நியமில்லை. தமிழில் தீட்டல் என்பேன். கத்தி தீட்டுவதும் தீட்டல், மில்லில் அரிசியின் தவிட்டைத் தேய்த்துப் போக்குவதும் தீட்டல். கூரும் வருகிறது, பளபளப்பும் வருகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: தீட்டு என்று நிறுத்திவிடாதீர்கள், “ஹட்டோரிக்குத் தீட்டு” என்றால் அம்மா வேறு விதமாக விளங்கிக்கொள்வார். வடித்தல் என்றும் யோசித்தேன். சங்கப் பாட்டில் கொல்லன் வேல் வடித்துத்தான் கொடுக்கிறான். ஆனால் இன்று எங்கள் வீடுகளில் வடிப்பது கஞ்சி மட்டும்.

தீட்டாமலே மினுங்கத் தொடங்கும் ஆளுக்கு மெருகேறல் பொருந்தும். மெலேயில் யோஷியை உருப்படியான தெரிவாகப் பெரும்பாலோர் நினைக்கவில்லை. அம்சா என்ற பெயரில் ஆடும் ஜப்பானியர் ஒருவர் வருடக்கணக்காக அந்த டைனோசரை விடாமல் பிடித்திருந்தார்; 2022இல் பிக் ஹவுஸ் என்ற பெரிய போட்டியில் அதை வைத்தே முதலிடம் வாங்கினார். எல்லா மெருகும் மகிழ்ச்சி தருவதில்லை. ஸ்மாஷ் தொடரில் அடுத்து வந்த அல்டிமேட்டில் 2020இல் சேர்ந்த ஸ்டீவை எடுங்கள், மைன்கிராஃப்டிலிருந்து வந்து கட்டை அடுக்கும் அதே ஆள். 2021 இறுதியோடு அந்த ஆட்டத்தில் பலம் திருத்துவது நின்றுவிட்டது. அதன் பிறகும் அவனுக்குப் புதுப்புது வித்தைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தார்கள். 2023இல் பல போட்டிகள் அவனை எடுக்கவே கூடாது என்று தடை போட்டன. மழுக்க ஆளில்லாத இடத்தில் கத்தியைப் பூட்டித்தான் வைக்கலாம்.

மிச்சம் இரண்டு சொல். ஆட்களைப் பலத்தின்படி பிரிக்கும்போது ஒவ்வொரு படியையும் டியர் (tier) என்பார்கள். வரிசையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். அடுக்கு என்றால் முடிந்தது. மெட்டாவுக்கு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக விரித்து ஒரு விளக்கம் உலாவுகிறது. அது பின்னால் ஒட்டியது. உண்மையில் பின், அப்பால் என்ற பொருளுடைய கிரேக்கச் சொல். ஆட்டத்துக்கு அப்பாலிருந்து ஆட்டத்தை எடைபோடுவது. இன்றைக்கு யார் எடுபடுகிறார்கள், எதற்கு எது மாற்று என்ற கணக்கு அது. தமிழில் சிலர் களநிலவரம் என்று எழுதுகிறார்கள். சொல்லில் பிழையில்லை. ஆனால் வன்னியில் அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மாவின் வயதுக்காரருக்குப் போர்க்காலத்தில் ரேடியோவைச் சுற்றிக் குந்தியிருந்த இரவுகள் நினைவுக்கு வரும். விளையாட்டுக்கு அது வேண்டாம். ஆட்ட நிலவரம் போதும். மரக்கறிச் சந்தையில் நிலவரம் கேட்பதுபோல.

இதையெல்லாம் மருமகனுக்கு விளக்கினேன். மழுக்கல் என்ற சொல்லை வாயில் வைத்துப் பார்த்தான். ழகரம் அவனுக்குச் சறுக்கியது. “அம்மம்மா சொன்னதே நல்லாக்கிடக்கு மாமா” என்றான். பின்னேரம் மதிலடியில் கூட்டாளிகள் வந்தபோது அவன் சொல்வது கேட்டது: “டேய், ஹட்டோரியை மொட்டையாக்கிப்போட்டாங்கள்.”

இரண்டு பேர் உடனே போனைப் பறித்து அவளுடைய தலையைப் பார்த்தார்கள்.