‘போலிச் செயன்முறை’ என்றொரு பயமுறுத்தல்

திருகோணமலை உப்புவெளிப் பக்கம் தட்டச்சும் போட்டோக் கொப்பியுமாகச் சின்னக் கடை நடத்தும் அக்கா ஒருவர் போன கிழமை இரவு ஒன்பதரைக்கு அழைத்தார். "தம்பி, என்ட கொம்பியூட்டருக்குள்ள கள்ளன் பூந்திட்டான் போல கிடக்கு. நாளைக்குக் கடை திறக்கலாமா?" ஊர்ச்சனத்தின் அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் அந்தக் கணினிக்குள்தான் ஸ்கேன் ஆகிப் போய்வருகின்றன, ஆகவே பயம் நியாயமானதுதான். விசாரித்தால் விசயம் இவ்வளவுதான்: லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், மேசைத்தளத்தின் மூலையில் நேரமும் நினைவகக் கணக்கும் காட்டுகிற கொன்கி என்ற சிறு நிரல் இரண்டு தடவை ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றின் மேல் ஒன்று எழுதி எழுத்தெல்லாம் தடித்துக் கலங்கிப் போயிருந்தது. என்ன செய்வதென்று எப்போதோ ஒரு பயிற்சியில் கொடுத்த கையேட்டைப் புரட்டியிருக்கிறார். அதில் இருந்த வரி: "பின்னணியில் இயங்கும் போலிச் செயன்முறைகளைக் கண்டறிந்து கொல்லவும்." ஆங்கிலத்தில் ‘டூப்ளிகேட் புரொசெஸ்’, அதாவது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற நிரல் இன்னொரு தடவையும் ஓடுவது; கொல்வது என்றால் அதை நிறுத்துவது.

இந்தப் ‘போலி’யை நான் பார்ப்பது இது முதல் தடவையல்ல. டூப்ளிகேட் என்று எங்கு வந்தாலும் போலி என்று போட்டுவிட்டுப் போகிற பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாததல்ல. கடைத்தெருவில் ‘டூப்ளிகேட் ஃபோன்’ என்றால் கள்ளச் சாமான், ‘ஒரிஜினல்’ இல்லாதது. மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கவில்லை, கடைத்தெருவில் கேட்டதைக் கொண்டுவந்து கணினிக்குள் கொட்டிவிட்டார். அதே கடைத்தெருவில் ‘டூப்ளிகேட் திறப்பு’ வெட்டித் தருகிறார்கள், அது கதவைத் திறக்கிறது, அதை யாரும் போலித் திறப்பு என்று சொல்வதில்லை என்பது அவருக்கு நினைவு வரவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘துவோ’ இரண்டு, ‘ப்ளிகாரே’ மடித்தல். இரண்டாக மடித்தது, அவ்வளவுதான். நாமும் இரு மடங்கு என்கிறோம், மடங்கு என்பதும் மடங்குவதிலிருந்து வந்ததே. இரண்டு மொழியிலும் துணியை மடித்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஏமாற்று என்ற பொருள் இதில் எங்கும் கிடையாது.

போலி என்ற சொல் மீது எனக்குக் கோபம் இல்லை. போல் என்பதிலிருந்து வந்த நல்ல சொல். இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள், பந்தல் பந்தர் ஆனால் கடைப்போலி, ஐந்து அஞ்சு ஆனால் முற்றுப்போலி. பந்தருக்குக் கீழே நின்றாலும் நிழல் நிழல்தான். ஆனால் அந்தப் பழைய பொருள் இலக்கணப் புத்தகத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்குப் போலி என்றால் போலி நாணயத்தாள், போலி வைத்தியர். கடை வைத்திருப்பவர் ஒருவர் ‘போலிச் செயன்முறை’ என்று வாசித்தால் கள்ளன் பூந்ததாகத்தான் நினைப்பார், வேறெதை நினைப்பது? இரண்டாவதாக ஓடுகிற கொன்கி முதலாவதைப் போலவே அசல். அதே கோப்பு, அதே நிரல். குற்றம் ஒன்றே ஒன்று: அது தேவையில்லாமல் வந்தது.

சரி, போலி வேண்டாம், நகல் என்று போடலாமே என்பார்கள். நகல் அரபியிலிருந்து வந்த சொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, அப்படித் தள்ளத் தொடங்கினால் வக்கீலையும் வசூலையும் தள்ளவேண்டி வரும். எங்கள் நாட்டில் நகல் சட்டமூலம் என்றால் இன்னும் நிறைவேறாத வரைவு, அதனால் நகல் என்றதும் அரைகுறை என்ற நினைப்பு ஒட்டிக்கொள்கிறது. பிரதி? பிரதி அமைச்சரும் பிரதி அதிபரும் இருக்கிற நாட்டில் ‘பிரதிச் செயன்முறை’ என்றால் பெரியவர் லீவில் போனால் வேலை பார்க்கிறவர் என்று அர்த்தமாகிவிடும். கொப்பி என்றால் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி. படி என்பது அழகான சொல், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஃபோர்க் என்ற அழைப்பு வந்ததும் ஓடுகிற நிரல் தாயாகித் தன்னைத்தானே படியெடுத்துப் பிள்ளையைப் பெறுகிறது, அந்த இடத்தில் படி என்று எழுதினால் பொருந்தும். அக்காவின் இரண்டாவது கொன்கி முதல் கொன்கியைப் பார்த்து எடுத்த படி அல்ல. இரண்டும் தனித்தனியாகத் தொடங்கப்பட்டவை.

மிச்சம் இருப்பது இரட்டை. இதைத்தான் பலர் ஒப்புக்கொள்வார்கள், எனக்கு மட்டும் உறுத்துகிறது. இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரண்டும் வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமை என்றால் இரண்டும் வேண்டும் என்றுதான் சனம் வரிசையில் நிற்கிறது. சலசல என்ற இரட்டைக்கிளவியில் ஒரு ‘சல’ என்பதைப் பிடுங்கினால் மற்றதற்குப் பொருளே போய்விடும். இரட்டை என்றால் சேர்ந்தே இருக்கவேண்டியவை. இங்கே ஒன்று போதும், மற்றது மிகை.

ஆகவே நான் எழுதுவது ‘இரட்டித்த’ என்று. புணர்ச்சியை நினைத்துப் பாருங்கள்: கல் என்பதோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான். இரண்டாவது லகர ஒற்று போலியா, நகலா? சேர்கிற இடத்தில் இரட்டித்தது. அக்காவின் கணினியிலும் அதேதான் நடந்திருந்தது. மெஷினை அமைத்துக் கொடுத்த பையன் கொன்கியை எக்ஸ்புரொஃபைல் என்ற கோப்பில் எழுதிவைத்திருக்கிறான், ஆட்கள் உள்நுழைந்ததும் அது வாசிக்கப்பட்டு நிரல் தொடங்கும். பிறகு ஒருநாள் கடிகாரம் காணாமல் போக, அக்கா அமைப்புகளுக்குள் போய், உள்நுழைந்ததும் தானாகத் தொடங்குகிறவற்றின் தன்தொடக்கப் பட்டியலிலும் அதைச் சேர்த்திருக்கிறார். இரண்டு இடமும் சேர்ந்தன, கொன்கி இரட்டித்தது. லினக்ஸின் மேசைத்தளங்களில் ஒன்றான எக்ஸ்எஃப்சிஇயில் வெளியேறும்போது, ஓடிக்கொண்டிருப்பவற்றை அடுத்த தடவையும் திறந்துவைக்கிற ‘அமர்வைச் சேமி’ என்பதில் சரி போட்டுவிட்டு, அதே நிரலைத் தன்தொடக்கத்திலும் வைத்திருந்தாலும் இந்தக் கூத்து நடக்கும்.

இதில் இன்னொரு ஆபத்து, ஒரே பெயரில் பல வரிகளைக் கண்டதும் எல்லாமே இரட்டித்தவை என்று நினைப்பது. பயர்ஃபொக்ஸ் உலாவியைத் திறந்துவிட்டு, ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியலைப் பார்த்தால் அதன் பேரில் பல வரிகள் நிற்கும். அவை ஒன்றுக்கொன்று வேறு வேலை பார்க்கிறவை, தாய்க்குக் கீழே பிள்ளைகளாகத் தொடங்கியவை. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. அதில் ஆறைப் போலி என்று மூடிவிடுவோமா? கையேட்டைப் பார்த்து ஒரு பயிற்சிப் பையன் அப்படித்தான் உலாவியின் பாதியைக் ‘கொன்று’விட்டு, பக்கமெல்லாம் வெளுத்துப் போச்சு என்று வந்து நின்றான். ஓடிக்கொண்டிருப்பவற்றைப் பெயரை வைத்துத் தேடுகிற பிஜிரெப் கட்டளையோடு சிறிய ஏ என்ற தெரிவைச் சேர்த்து ஓடவிட்டால் ஒவ்வொன்றின் இலக்கமும் முழுக் கட்டளை வரியும் வரும். இரண்டு வரியும் அச்சொட்டாக ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம், பிறகு தாய் இலக்கத்தையும் தொடங்கிய நேரத்தையும் பார்த்து முடிவு செய்யலாம்.

செயன்முறை பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பிள்ளைகளுக்குச் செயன்முறை என்றால் சங்கீதத்துக்கும் நடனத்துக்கும் வைக்கிற செயன்முறைப் பரீட்சை. ஒன்றைச் செய்கிற முறை அது, ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றின் பெயர் அல்ல. தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் ‘இயக்கம்’ என்று வைக்கலாமே என்றார். ஆயுதம் தூக்கிய இயக்கங்களைக் கண்ட திருகோணமலையில் உட்கார்ந்துகொண்டு "பின்னணியில் இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன" என்று எழுதிக் கடையில் ஒட்டிப் பாருங்கள் என்றேன், சிரித்துவிட்டு விட்டுவிட்டார். நான் ‘ஓட்டம்’ என்று எழுதுகிறேன். நிரல் ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஓடுவது ஓட்டம்.

அதே கையேட்டில், பின்னணியில் ஓடுகிற நிரலான டீமனுக்கு ‘அரக்கன்’ என்று வேறு போட்டிருந்தார்கள். 1867இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துவிடுகிற குட்டி உருவத்தை நினைத்து, 1960களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக்காரர்கள் வைத்த பெயர் அது. திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வேலை செய்கிற ஒன்று. ஓர் இரவில் குளம் கட்டி முடிக்கிற பூதங்கள் நம் கதைகளில் இருக்கும்போது அரக்கனைத் தேடிப்போவானேன்? போலி, அரக்கன், கொல்லவும், மூன்றும் ஒரே பக்கத்தில். அக்கா பேய்க்குப் பார்க்கிறவரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டது பெரிய காரியம்.

தொலைபேசியிலேயே தன்தொடக்கப் பட்டியலில் இருந்த கொன்கியின் சரி அடையாளத்தை எடுக்கச் சொன்னேன், வெளியேறி உள்நுழைந்தார், எழுத்து தெளிந்துவிட்டது. அடுத்த நாள் கடைக்குப் போனபோது கையேட்டை எடுத்துக்காட்டினார். ‘போலி’யை நீலப் பேனாவால் வெட்டி மேலே ‘டபுள்’ என்று எழுதியிருந்தார். நான் சொன்ன ‘இரட்டித்த’வை எழுத அந்த வரிக்கு மேல் இடம் போதவில்லையாம்.