ஹாஸ்டல் அறையில் தனிமை: கதவுக்கு வெளியே நடப்பதையும் கவனியுங்கள்

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நூறு பேருக்கு மேல் கொரோனா உறுதியானது. வளாகத்தில் அப்போது இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆராய்ச்சி மாணவர்கள். விடுதிகள் முழுமையாக நிரம்பியிருக்கவும் இல்லை. ஆனாலும் எல்லோரும் சாப்பாட்டுக்கு ஒரே இடத்தில் கூடியதுதான் பரவலுக்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் மெஸ் ஊழியர்களும் இருந்தார்கள். பிறகுதான் மாணவர்களை அறையிலேயே இருக்கச் சொல்லி, சாப்பாட்டைப் பொட்டலமாக அனுப்பினார்கள்.

விடுதியில் நோயாளிகளைத் தனிமைப்படுத்துவது தோற்பது பெரும்பாலும் மெஸ், பாத்ரூம், தண்ணீர் பிடிக்கும் இடம் ஆகிய மூன்றில்தான். இவற்றுக்கு வழி செய்யாமல் "ரூமை விட்டு வெளியே வரக் கூடாது" என்று சுற்றறிக்கை மட்டும் ஒட்டினால் மாணவர்கள் வெளியே வரத்தான் செய்வார்கள். அதற்கு அவர்களைக் குறைசொல்ல முடியாது.

முதலில், யாரை எங்கே வைப்பது? நோய் உறுதியானவர் ஒரு வகை, அவரோடு பழகியவர் இன்னொரு வகை. இரு வகையினரையும் ஒரே தளத்தில், ஒரே பாத்ரூமை நம்பி விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தொற்றே இல்லாமல் உள்ளே போனவர் அங்கேதான் வாங்கிக்கொள்வார். பழகியவர்களிலும் ஒரு அறைக்கு ஒருவர் என்பதே சரி.

பழகியவர் பட்டியலை எடுக்கும்போது, அறிகுறி தொடங்கிய நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து எண்ண வேண்டும். "எப்போ ஆரம்பிச்சது?" என்று கேட்டால் காய்ச்சல் வந்த நாளைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தைய நாளே தொண்டை கரகரத்திருக்கும். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் நெருக்கத்தில், ஒரு நாளில் மொத்தம் 15 நிமிடம் இருந்திருந்தால் பட்டியலில் வரவேண்டும். ரூம்மேட்டை எல்லோரும் சொல்வார்கள். கேரம் ஆடியவர், பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர், பரீட்சைக்குச் சேர்ந்து படித்தவர் ஆகியோர்தான் விட்டுப்போவார்கள்.

பழகிய இரண்டாம் நாளே ஆர்டி-பிசிஆர் எடுத்து, நெகட்டிவ் என்றதும் பெட்டியைக் கட்டி ஊருக்குப் பஸ் ஏறுவது ஆபத்து. கொரோனா வெளிப்பட, தொடக்க கால வகைகளில் சராசரியாக 5, 6 நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரைகூட. அறிகுறி இல்லாதவர்களுக்கு 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் பரிசோதனை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) அப்போது சொன்னதற்குக் காரணம் இதுதான். அவசரப்பட்டு ஊருக்குப் போனால் வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்குத்தான் முதல் அடி.

எத்தனை நாள் தனிமை என்பது மாறிக்கொண்டே வந்தது. வீட்டுத் தனிமையில் இருந்த நோயாளிக்கு 2021 ஏப்ரலில் குறைந்தது 10 நாள் என்று இருந்தது, 2022 ஜனவரியில் 7 நாள் ஆனது. இரண்டிலும் கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் சுற்றறிக்கையில் தேதியை முதலில் பாருங்கள். புதிய நோய் வந்தால் இந்தக் கணக்கு எல்லாமே மாறும்.

அறை என்றால் நடைபாதையின் கடைசியில், வெளிப்புறம் ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்துக் கொடுங்கள். நடைபாதைப் பக்கம் மட்டும் ஜன்னல் இருந்தால் உள்ளே இருக்கும் காற்று அடுத்த அறைக்காரருக்குத்தான் போகும். டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். ஸ்ப்ளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றும், அதை அணைத்துவிடலாம்.

பாத்ரூம்தான் பெரிய சிக்கல். தனியாக ஒதுக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நேரம் பிரித்துக்கொள்ளுங்கள், தனிமையில் இருப்பவர் கடைசியாகப் போகட்டும். அவர் வெளியே வந்தபின் ஜன்னல் திறந்திருக்க, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட, அரை மணி நேரமாவது யாரும் போக வேண்டாம். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டுப் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் நின்று பல் தேய்ப்பதும் கொப்பளிப்பதும்தான் அங்கே மிக மோசமான நேரம். அறையிலேயே ஒரு பக்கெட் வைத்துப் பல் தேய்த்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

தாழ்ப்பாள், குழாய்த் திருகு, ஃப்ளஷ் கைப்பிடி ஆகியவற்றைத் துடைக்க 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்தால் 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். கையுறை போட்டுத் தடவி, 10 நிமிடம் விட்டுத் துடையுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது மூச்சையே அடைத்துவிடும். மனிதர்கள் மேல் தெளிப்பதும் கூடாது. 2020 ஏப்ரலில் திருப்பூரில், நடந்து போகிறவர்கள் மேல் மருந்து தெளிக்கும் கிருமிநாசினிச் சுரங்கம் வைத்தபோது பலரும் பாராட்டினார்கள், அதே மாதத்திலேயே அப்படித் தெளிக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது.

சாப்பாட்டுக்குக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போதும். கொண்டுவருபவர் வைத்துவிட்டு போனில் சொல்லி, நகர்ந்தபின் உள்ளே இருப்பவர் முகக்கவசத்தோடு கதவைத் திறக்கட்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று உள்ளேயே இருந்தால் நடைபாதைக் குழாயடிக்குப் போகும் வேலை இல்லை.

காய்ச்சலும் ஆக்சிஜன் அளவும் தினம் இரண்டு வேளை பார்க்க வேண்டும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டுவது பெரும்பாலும் பார்க்கும் விதத்தால்தான். விரல் சில்லென்று இருந்தாலோ, மருதாணியோ நெயில் பாலிஷோ இருந்தாலோ, மாடி ஏறி வந்ததும் மாட்டினாலோ எண் ஏமாற்றும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை காத்திருங்கள். 94க்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சரியாக இருந்தாலும் அறைக்குள் ஆறு நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 93க்குக் கீழே போனாலோ, 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ அதுவும் எச்சரிக்கைதான். ஏற்கெனவே மூச்சு வாங்குபவர் இந்த நடையைச் செய்ய வேண்டாம். இளைஞர்கள் அளவு குறைந்த நிலையிலும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதனால் "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சை மட்டும் நம்ப முடியாது. மூச்சுத் திணறினால் 108தான், வார்டன் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது.

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு இருப்பவர் மருத்துவரைக் கேட்டபின்தான் எடுக்க வேண்டும். பல சளி மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கும், அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நண்பரின் சீட்டை வைத்து ஸ்டீராய்டு வாங்கிச் சாப்பிடுவது விபரீதம். 2021இல் கருப்புப் பூஞ்சை பெருகியதற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும் பெரும் காரணங்கள்.

இத்தனையும் செய்தாலும், மாணவர் காய்ச்சலை மறைத்தால் எதுவும் நிற்காது. மறைப்பது பயத்தால் மட்டும் அல்ல. 75 சதவீத வருகை, இன்டர்னல் மதிப்பெண், லேப் தேர்வு எல்லாம் போய்விடும் என்ற கணக்குதான் முக்கியக் காரணம். தனிமை நாட்களுக்கு வருகைக் கழிவு இல்லை, மறுதேர்வு உண்டு என்று கல்லூரி எழுத்தில் கொடுத்தால் சுகாதார மையத்துக்கு வருபவர் எண்ணிக்கை தானாகக் கூடும். உள்ளே இருப்பவரை தினம் ஒருவர் போனில் கூப்பிட்டுப் பேசுவதையும் ஒரு வேலையாகவே ஒதுக்குங்கள். மனம் சரியில்லாதபோது தமிழக அரசின் சுகாதார உதவி எண் 104ஐயோ, மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐயோ அழைக்கலாம்.

தனிமை நாட்கள் முடிந்து வெளியே விடும்போது சில வார்டன்கள் நெகட்டிவ் சான்றிதழ் கேட்கிறார்கள். அது தேவையில்லை. செத்த வைரஸின் துணுக்குகளால் ஆர்டி-பிசிஆர் வாரக்கணக்கில்கூட பாசிட்டிவ் காட்டும். நாள் கணக்கு முடிந்து, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லையென்றால் விட்டுவிடலாம். அறையின் ஜன்னலைத் திறந்து போட்டு, படுக்கை விரிப்பைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தபின் அடுத்தவருக்குக் கொடுங்கள்.